வெப்பமும் மின்சாரமும் ஒரே துலாக்கோலில்

அடுப்பில் எரியும் விறகு வெப்பத்தைத் தருகிறது. கம்பியின் வழியே ஓடும் மின்சாரம் விளக்கை ஒளிரச் செய்கிறது, விசிறியைச் சுழற்றுகிறது. ஏற்றம் இறைக்கும் உழவன் தன் உடல் வலிமையால் கிணற்று நீரை மேலே கொணர்கிறான். இம்மூன்றும் வெவ்வேறு தொழில்களாகவே நம் கண்ணுக்குத் தோன்றுகின்றன. நெருப்பைத் தொட்டால் சுடும். மின்சாரத்தைத் தொட்டால் தாக்கும். உழவனின் உழைப்போ நீராகப் பாய்ந்து வயலை நனைக்கும். ஆயினும் இம்மூன்றிற்கும் அடிப்படையாக அமைந்த பொருள் ஒன்றே. அதற்கு ஆற்றல் என்பது பெயர். இவ்வுண்மை மக்களுக்கு எளிதில் கிட்டிவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், அறிஞர் சிலர் பல்லாண்டுகள் பொறுமையுடன் ஆராய்ந்த பின்னரே அது நிலைபெற்றது.

ஆற்றல் ஒன்றே எனினும் அதனை அளக்கும் அளவைகள் பல. உணவின் ஆற்றலைக் கலோரியில் கூறுகிறோம். வீட்டில் செலவாகும் மின்சாரத்தை யூனிட் கணக்கில் கூறுகிறோம். நீர் இறைக்கும் பொறியின் வலிமையைக் குதிரைத்திறன் என்கிறோம். அறையைக் குளிர்விக்கும் கருவியையோ டன் கணக்கில் விலை பேசுகிறோம். இவ்வளவைகளுக்குள் தொடர்பு உண்டா? ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எவ்வாறு? மாற்றும்போது நாம் எங்கே விழிப்புடன் இருத்தல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

ஒரே பொருளுக்குப் பல அளவைகள் தோன்றியது வியப்பிற்கு உரியதன்று. நம் முன்னோர் நெல்லைக் கலத்தாலும் மரக்காலாலும் அளந்தனர். துணியை முழத்தால் அளந்தனர். பொன்னைக் கழஞ்சால் நிறுத்தனர். அவ்வத்தொழிலுக்கு ஏற்ற அளவை அவ்வத்தொழிலாளரிடையே வழங்கியது. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று நாணய முறை மாறியது. அதற்கு முன் 16 அணாக்களாகப் பகுக்கப்பட்ட ரூபாய், அன்றுமுதல் 100 பைசாக்களாகப் பகுக்கப்பட்டது. அதனால் ரூபாயின் மதிப்பு மாறிவிடவில்லை; அதனைப் பகுக்கும் முறையே மாறிற்று. ஆற்றலின் அளவைகளை மாற்றுவதும் இத்தகையதே. பெயரும் எண்ணும் மாறும். அளக்கப்படும் பொருள் மாறாது.

மேலே செல்லுமுன் இரு சொற்களின் வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். அவை ஆற்றல், திறன் என்பன. ஏரியில் நிற்கும் நீரின் மொத்த அளவு வேறு. மதகின் வழியே ஒவ்வொரு நொடியும் பாயும் நீரின் அளவு வேறு. முன்னது ஆற்றலைப் போன்றது. பின்னது திறனைப் போன்றது. ஒரு வேலைக்கு மொத்தமாகச் செலவாவது ஆற்றல். ஒரு நொடிக்கு, அல்லது ஒரு மணிக்கு, எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்னும் வேகமே திறன். குடம் ஒன்றைச் சிறுவன் மெல்ல மாடிக்குத் தூக்கிச் செல்கிறான். மற்றொரு குடத்தை மல்லன் விரைந்து தூக்கிச் செல்கிறான். குடங்களின் எடையும் மாடியின் உயரமும் ஒன்றாயின், குடத்தைத் தூக்கச் செலவான ஆற்றல் இருவர்க்கும் ஒன்றே. மல்லனின் திறனே மிகுதி.

திறனை எண்ணால் குறிக்க வேண்டிய தேவை முதன்முதலாக வணிகத்தில் எழுந்தது. ஜேம்ஸ் வாட் என்னும் ஸ்காத்லாந்து நாட்டு அறிஞர் நீராவிப் பொறியைத் திருத்தி அமைத்து விற்றுவந்தார். அக்காலத்தில் ஆலைகளையும் சுரங்க நீர் இறைக்கும் கருவிகளையும் குதிரைகளே சுழற்றின. பொறியை வாங்க வருவோர், “இஃது எத்தனைக் குதிரைகளின் வேலையைச் செய்யும்?” என்றே வினவினர். அதற்கு விடை கூறும்பொருட்டு, ஒரு குதிரை ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரத்திற்குத் தூக்கும் எனக் கொண்டு, அதனையே ஓர் அளவையாக வாட் அமைத்தார். குதிரைத்திறன் என்னும் அளவை இவ்வாறு பிறந்தது. குதிரைகள் ஆலையை விட்டு நீங்கிப் பல்லாண்டுகள் ஆகியும், அவற்றின் பெயர் மட்டும் இன்றளவும் நீர் இறைக்கும் பொறிகளின்மீது நிலைத்திருக்கிறது.

வெப்பத்தை அளந்தவர்களோ வேறொரு வழியில் சென்றனர். அவர்களுக்குத் தண்ணீரே அளவுகோலாயிற்று. ஒரு கிராம் தண்ணீரின் வெப்பநிலையை 1 சென்டிகிரேடு பாகை உயர்த்தத் தேவையான வெப்பத்தை ஒரு கலோரி என்றனர். ஆயிரம் கலோரி ஒரு கிலோகலோரி ஆகும். ஒரு கிலோகிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க இது வேண்டும். இங்கிலாந்து நாட்டினர் ஒரு பவுண்டு தண்ணீரையும் ஒரு பாரன்ஹீட் பாகையையும் கொண்டு பிரிட்டிஷ் வெப்ப அலகு என ஒன்றை அமைத்துக்கொண்டனர். இவ்வாறு, எடை தூக்குவோர் அடியும் பவுண்டும் கொண்டு ஒருபுறம் கணக்கிட்டனர். வெப்பத்தை ஆராய்வோர் தண்ணீரும் வெப்பமானியும் கொண்டு மற்றொருபுறம் கணக்கிட்டனர். இரு கணக்குகளுக்கும் இடையே பாலம் ஒன்றும் இல்லை.

பாலம் இல்லாமைக்கு ஒரு காரணம் உண்டு. வெப்பம் என்பது கண்ணுக்குப் புலனாகாத, எடையற்ற ஒரு பாய்மம் என்றும், அது பொருள்களுக்குள் தங்கியிருந்து வெளிப்படுகிறது என்றும் அக்காலத்து அறிஞர் பலர் நம்பினர். அப்பாய்மத்தைக் கலோரிக் என அழைத்தனர். இந்நம்பிக்கையை அசைத்தவர்களுள் ஒருவர் ரம்போர்டு பிரபு. அவர் பவேரிய நாட்டின் முனிச் நகரில் பீரங்கிகளுக்குத் துளையிடும் பணியை மேற்பார்த்துவந்தார். துளையிடும்போது உலோகம் பெரிதும் சூடாவதைக் கண்டார். கூர்மழுங்கிய துளைகருவி ஒன்றைக் கொண்டு, தண்ணீருக்குள் அமிழ்ந்த உலோகத்தைத் தேய்க்கச் செய்தார். இரண்டரை மணி நேரத்தில், நெருப்பே இல்லாமல், அத்தண்ணீர் கொதித்தது! தேய்க்கத் தேய்க்க வெப்பம் முடிவின்றி வந்துகொண்டே இருந்தது. முடிவின்றி வரும் ஒன்று உலோகத்தினுள் ஒளிந்திருந்த பொருளாக இருத்தல் இயலாது. இயக்கமே வெப்பமாகிறது என்று அவர் கருதினார். இச்செய்தியை 1798ஆம் ஆண்டு அவர் வெளியிட்டார்.

இயக்கம் வெப்பமாகும் என்பது ஒருவாறு விளங்கிற்று. எவ்வளவு இயக்கத்திற்கு எவ்வளவு வெப்பம் என்று எண்ணிக்கூற ஒருவர் வேண்டியிருந்தது. அப்பணியைச் செய்து முடித்தவர் ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல். அவர் 1818ஆம் ஆண்டு இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகரையடுத்த சால்போர்டில் பிறந்தார். அவருடைய தந்தையார் மதுவடிக்கும் ஆலை ஒன்றின் உரிமையாளர். ஜூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். ஆலைத் தொழிலோடு தொடர்புடையவராக இருந்துகொண்டே, தம் இல்லத்தில் ஆய்வுகள் நிகழ்த்தினார். நீராவிப் பொறிக்கு மாற்றாக மின்கலத்தால் இயங்கும் பொறியைப் பயன்படுத்தினால் செலவு குறையுமா என்னும் வினாவே அவரை முதலில் ஆய்வில் இழுத்தது. மின்கலத்தில் கரையும் துத்தநாகத்தின் விலையையும் நிலக்கரியின் விலையையும் ஒப்பிட்டபோது, மின்கலம் கட்டுப்படியாகாது என்பது தெரிந்தது. அந்தத் தொழில் எண்ணம் கைகூடவில்லை. ஆனால் அதனின்றும் வேறொரு பெரிய எண்ணம் முளைத்தது.

கம்பியில் மின்சாரம் ஓடும்போது கம்பி சூடாகிறது. அவ்வெப்பத்தை ஜூல் அளந்தார். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகிறது. மும்மடங்கானால் ஒன்பது மடங்காகிறது. இவ்விதியை 1841ஆம் ஆண்டு அவர் வெளியிட்டார். பின்னர், 1843ஆம் ஆண்டில், காந்தத்திற்கு இடையே கம்பிச்சுருளைச் சுழற்றி மின்சாரம் ஆக்கினார். சுருளைச் சுழற்றியவை கீழே இறங்கும் எடைகள். சுருள் அமிழ்ந்திருந்த தண்ணீர் சூடேறியது. இங்கே நெருப்பும் இல்லை, மின்கலமும் இல்லை. எடை இறங்கிய இயக்கம் மின்சாரமாகி, மின்சாரம் வெப்பமாகியது. இவ்வளவு எடை இவ்வளவு உயரம் இறங்கினால் இவ்வளவு வெப்பம் என்னும் கணக்கை இதிலிருந்து அவர் பெற்றார்.

அத்துடன் அவர் நிறைவடையவில்லை. மின்சாரத்தையும் இடையே கொள்ளாமல் நேராகவே சோதிக்க விரும்பினார். தண்ணீர் நிறைந்த கலத்தினுள் துடுப்புச் சக்கரம் ஒன்றை அமைத்தார். கயிற்றில் கட்டிய ஈய எடைகள் கீழே இறங்கும்போது சக்கரம் சுழன்று தண்ணீரைக் கலக்கும். எடைகளை மீண்டும் மீண்டும் மேலேற்றி, இருபது முறை இறங்கச் செய்தார். இத்தனைக்கும் தண்ணீரின் வெப்பநிலை ஏறக்குறைய அரைப் பாரன்ஹீட் பாகை அளவே உயர்ந்தது. அச்சிறு மாறுதலைப் பிழையின்றி அளக்க மிக நுண்ணிய வெப்பமானிகள் தேவைப்பட்டன. ஆய்வாளரின் உடல்வெப்பமும் அறையின் காற்றும் கணக்கைக் கெடுத்துவிடக் கூடும். அத்துணைத் தடைகளையும் அவர் ஒவ்வொன்றாக நீக்கினார்.

1847ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டு நகரில் கூடிய அறிவியல் பேரவையில் தம் முடிவைக் கூற ஜூல் எழுந்தபோது, சுருக்கமாகப் பேசுமாறு அவருக்குச் சொல்லப்பட்டது. அவையில் இருந்தோருள் வில்லியம் தாம்சன் என்னும் இளம் பேராசிரியர் அதன் பெருமையை உணர்ந்தார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்றவர் அவரே. 1850ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையில், ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு பாரன்ஹீட் பாகை சூடாக்கும் வெப்பம், 772 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்கும் வேலைக்கு ஈடானது என்று ஜூல் அறுதியிட்டார். இன்றைய துல்லியமான அளவு ஏறக்குறைய 778 ஆகும். வீட்டில் இருந்தபடியே ஒருவர் கண்ட எண், உண்மைக்கு எத்துணை அருகில் உள்ளது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்வெண்ணை நம் அளவைகளில் கூறினால் அதன் பொருள் இன்னும் தெளிவாகும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு பாகை சென்டிகிரேடு சூடாக்கும் ஆற்றலைக் கொண்டு, அதே ஒரு லிட்டர் தண்ணீரை ஏறக்குறைய 427 மீட்டர் உயரத்திற்குத் தூக்கிவிடலாம்! கைக்குப் புலப்படாத அவ்வளவு சிறிய சூட்டில், குன்றின் உச்சிக்கு ஏற்றும் வலிமை அடங்கியிருக்கிறது. வெப்பமும் வேலையும் ஒன்றே என்பதை மக்கள் நெடுங்காலம் அறியாமல் இருந்ததற்கு இதுவே காரணம். உடல் களைக்க நாள் முழுதும் செய்த வேலையும் வெப்பமாக மாறும்போது மிகச் சிறிய அளவாகவே தோன்றும்.

பாலம் அமைந்தபின் பொதுவான அளவை ஒன்றும் தேவையாயிற்று. ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பொறியியல் அறிஞர் வில்லியம் சீமென்ஸ், 1882ஆம் ஆண்டு அறிவியல் பேரவையின் தலைமையுரையில், திறனின் அலகிற்கு வாட் என்றும், ஆற்றலின் அலகிற்கு ஜூல் என்றும் பெயர் சூட்டலாம் என்றார். 1889ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் கூடிய மின்னியல் மாநாடு அப்பெயர்களை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டிலேயே ஜூல் காலமானார். 1948ஆம் ஆண்டு உலக நாடுகளின் அளவைப் பொது மாநாடு, வெப்பத்தையும் ஜூல் அலகிலேயே கூறலாம் என முடிவு செய்தது.

இனி அளவைகளை மாற்றும் முறையைக் காண்போம். ஒரு நொடிக்கு ஒரு ஜூல் ஆற்றல் செலவானால் அத்திறன் ஒரு வாட். மின்கருவியில், மின்னழுத்தத்தைக் குறிக்கும் வோல்ட் எண்ணையும் மின்னோட்டத்தைக் குறிக்கும் ஆம்பியர் எண்ணையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் கொள்ளும் மின்னடுப்பின் திறன் 1,150 வாட் ஆகும். ஆயிரம் வாட் ஒரு கிலோவாட். ஒரு குதிரைத்திறன் ஏறக்குறைய 746 வாட். ஒரு கலோரி ஏறக்குறைய 4.2 ஜூல். ஒரு கிலோவாட் திறன் ஒரு மணி நேரம் செயற்பட்டால் செலவாகும் ஆற்றல் ஒரு கிலோவாட்-மணி. இதனையே மின்கட்டணச் சீட்டில் யூனிட் என்கிறோம். ஒரு மணிக்கு 3,600 நொடிகள். ஆதலின் ஒரு யூனிட் 36 இலட்சம் ஜூல் ஆகும். வெப்ப அளவையில் அது ஏறக்குறைய 860 கிலோகலோரி. எனவே, ஒரு கிலோவாட் என்பதும் மணிக்கு 860 கிலோகலோரி என்பதும் ஒரே திறனின் இரு பெயர்கள். இந்த 860 என்னும் எண்ணை மனத்தில் பதித்துக்கொண்டால் வெப்பக் கணக்கிலிருந்து மின்கணக்கிற்கும், மின்கணக்கிலிருந்து வெப்பக் கணக்கிற்கும் எளிதில் செல்லலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: வளர்ந்த மனிதர் ஒருவர் நாளொன்றுக்கு 2,400 கிலோகலோரி ஆற்றலை உணவாகக் கொள்கிறார் எனக் கொள்வோம். இதனை 24 மணிக்குப் பகுத்தால் மணிக்கு 100 கிலோகலோரி. 100ஐ 860ஆல் வகுத்தால் 0.116 கிலோவாட், அதாவது 116 வாட். பழைய மின்விளக்கு ஒன்று கொண்ட திறனே மனித உடலின் திறனும் ஆகும். அவ்வாற்றலின் பெரும்பகுதி உடலிலிருந்து வெப்பமாகவே வெளியேறுகிறது. நாற்பது மாணவர் அமர்ந்த வகுப்பறையில், ஒருவர்க்கு 100 வாட் எனக் கொண்டாலும், 4 கிலோவாட் வெப்பம் இடைவிடாது எழுகிறது. வகுப்பறைக்குச் சாளரங்கள் எத்துணை இன்றியமையாதவை என்பதை இவ்வெண் உணர்த்தும்.

மற்றோர் எடுத்துக்காட்டு: குளிப்பதற்கு 15 லிட்டர் தண்ணீரை 30 பாகை சூடாக்க வேண்டும். 15ஐ 30ஆல் பெருக்க 450 கிலோகலோரி. இதனை 860ஆல் வகுக்க, அரை யூனிட்டிற்குச் சற்றே மிகுதி. 2 கிலோவாட் திறனுடைய மின்சூடேற்றி இதனை ஏறக்குறைய 16 நிமிடத்தில் செய்து முடிக்கும். அதனை மேலும் ஒரு மணி நேரம் மறந்து விட்டுவிட்டால் வீணாவது எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இனி, டன் என்னும் அளவையின் கதை சுவையானது. குளிர்விக்கும் பொறிகள் தோன்றுமுன் பனிக்கட்டிகளைக் கொண்டே பண்டங்களைக் குளிர்வித்தனர். 2,000 பவுண்டு எடையுள்ள அமெரிக்க டன் பனிக்கட்டி ஒன்று 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உட்கொள்ளுமோ, அவ்வேகத்தையே ஒரு டன் என்றனர். அஃது ஏறக்குறைய மூன்றரைக் கிலோவாட். ஆகவே ஒன்றரை டன் குளிர்கருவி அறையிலிருந்து ஏறக்குறைய 5.3 கிலோவாட் வெப்பத்தை அகற்றும். ஆனால் அது கொள்ளும் மின்சாரமோ ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவாட் அளவே. ஒன்றரையைக் கொடுத்து ஐந்தைப் பெறுவது எவ்வாறு? இதில் மாயம் ஒன்றும் இல்லை. அக்கருவி மின்சாரத்தைக் குளிராக மாற்றவில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தைச் சுமந்து வெளியே கொட்டுகிறது. சுமைகூலி சுமையின் மதிப்பினும் குறைவாக இருத்தல் இயல்பன்றோ? அகற்றிய வெப்பத்தோடு, செலவான மின்சாரமும் வெப்பமாகி வெளியே சேர்கிறது. கருவியின் வெளிப்பெட்டியருகே நின்றால் அனல் வீசுவது இதனாலேயே.

இதுகாறும் மின்சாரம் வெப்பமாவதைக் கண்டோம். அம்மாற்றத்தில் குறைவேதும் இல்லை; சூடேற்றியில் புகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகிவிடும். வெப்பம் மின்சாரமாவதும் அவ்வாறே நிகழுமா? இங்கேதான் நாம் பெரிதும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். எண்களின் மாற்றம் இருவழிப் பாதை. இயற்கையின் மாற்றமோ அவ்வாறன்று. இதற்கு அடிப்படையான விதியைச் சாடி கார்னோ என்னும் பிரெஞ்சு நாட்டு இளைஞர் 1824ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினார். அருவி நீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்கு விழும்போதே சக்கரத்தைச் சுழற்றும். சமநிலத்தில் தேங்கிய நீர் சுழற்றாது. அதுபோல, வெப்பமும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குச் செல்லும்போதே வேலை செய்யும். எனவே பொறிக்குக் கொடுத்த வெப்பத்தில் ஒரு பகுதியைக் குளிர்ந்த இடத்தில் விட்டே தீர வேண்டும். எத்துணைச் சிறந்த பொறியாயினும் இதற்கு விலக்கில்லை.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையம் இதற்குத் தக்க சான்று. அங்குள்ள முதல் உலை 2013ஆம் ஆண்டு அக்டோபரில் மின்வலையுடன் இணைக்கப்பட்டது. அவ்வுலையின் வெப்பத் திறன் 3,000 மெகாவாட். மின்திறன் 1,000 மெகாவாட். ஒரு மெகாவாட் என்பது பத்து இலட்சம் வாட். இரண்டும் ஒரே அலகில் கூறப்படுவதால், ஒரே உலைக்கு இரு வேறு திறன்களா என்று படிப்போர் மயங்குதல் கூடும். முன்னது உலையில் தோன்றும் வெப்பம். பின்னது கம்பியில் ஏறும் மின்சாரம். எஞ்சிய 2,000 மெகாவாட் பெரும்பாலும் வெப்பமாகவே கடல்நீரில் கலக்கிறது. அங்கே ஏறக்குறைய 275 பாகை வெப்பநிலையுள்ள நீராவி சுழலியை இயக்கிக் குளிர்கிறது. குளிரும் இடம் 40 பாகை எனக் கொண்டால், கார்னோவின் விதிப்படி வெப்பத்தில் நூற்றுக்கு 43 பங்கிற்கு மேல் எவராலும் மின்சாரமாக்க இயலாது. உராய்வு முதலிய குறைகளும் சேர, நூற்றுக்கு 33 பங்கே கிட்டுகிறது.

இவ்வேறுபாட்டை மறந்த பொறியாளர் பெரும்பிழைக்கு ஆளாவார். 2,000 மெகாவாட் வெப்பத்தைக் கடல்நீர் ஏற்க வேண்டும். அந்நீர் 7 பாகைக்கு மேல் சூடாகலாகாது எனக் கொள்வோம். நன்னீரின் கணக்கையே கடல்நீருக்கும் கொண்டால், ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 68 டன் நீர் பாய்தல் வேண்டும். மின்திறனையே முழுத்திறன் என எண்ணி இக்கணக்கை விட்டுவிட்டால், பொறியும் இயங்காது. கரையோரத்து மீன்களும் வாழா. இது கருதியே, வெப்ப மெகாவாட், மின் மெகாவாட் என இரண்டையும் அடைமொழி இட்டுப் பிரித்துக் கூறுதல் பொறியாளரின் வழக்கம்.

நிலக்கரியால் இயங்கும் அனல்மின் நிலையங்களிலும் நிலைமை இத்தகையதே. ஒரு யூனிட் மின்சாரம் ஆக்க எத்தனைக் கிலோகலோரி வெப்பம் செலவாகிறது என்பதை அங்கே ஒவ்வொரு நாளும் கணக்கிடுகின்றனர். ஒரு நிலையத்தில் அவ்வெண் 2,500 எனக் கொள்வோம். 860ஐ 2,500ஆல் வகுத்தால் நூற்றுக்கு 34 பங்கே மின்சாரமாகிறது என்பது விளங்கும். இப்பொழுது நம் குளியல் நீரை மீண்டும் நினைவுகூர்வோம். அதற்கு வேண்டிய வெப்பம் 450 கிலோகலோரியே. ஆனால் அதனை மின்சாரத்தால் பெற, எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் 1,300 கிலோகலோரிக்கு மேற்பட்ட வெப்பத்தைத் தரும் நிலக்கரி எரிய வேண்டும். முதலில் வெப்பத்தை மின்சாரமாக்கி, வழியில் மூன்றில் இரு பங்கை இழந்து, மீண்டும் அதனை வெப்பமாகவே மாற்றுகிறோம். மாடியில் அமைத்த கதிரவன் வெந்நீர்க் கலமோ, சூரிய வெப்பத்தை இச்சுற்றுவழியின்றி நேரே தண்ணீருக்குத் தந்துவிடுகிறது.

இதனால் மின்சாரமே கூடாது என்பது கருத்தன்று. விளக்கு எரியவும், பொறி சுழலவும், தொலைவில் உள்ளாரோடு பேசவும் மின்சாரத்தினும் சிறந்த துணை இல்லை. காற்றாலும் அருவியாலும் கதிரொளியாலும் ஆக்கப்படும் மின்சாரத்திற்கு நிலக்கரியை எரிக்கும் இழப்பும் இல்லை. எந்த வேலைக்கு எவ்வாற்றல் பொருந்தும் என்று ஆராய்ந்து பயன்படுத்துதலே அறிவுடைமை. அவ்வாறு ஆராய்வதற்கு வெப்பத்தையும் மின்சாரத்தையும் ஒரே துலாக்கோலில் நிறுத்துப் பார்க்கத் தெரிதல் வேண்டும்.

ஜூல் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் நாட்டப்பட்ட கல்லில் 772.55 என்னும் எண் பொறிக்கப்பட்டுள்ளது. முதுமையில் மீண்டும் ஆய்வு செய்து அவர் 1878ஆம் ஆண்டு வெளியிட்ட எண் அது. வெப்பத்திற்கும் வேலைக்கும் இடையே பாலமாக நின்றது அவ்வெண்ணே. இன்று ஒரு பெருக்கலாலும் ஒரு வகுத்தலாலும் நாம் நொடிப்பொழுதில் செய்யும் கணக்கு, ஒருவரின் வாழ்நாள் உழைப்பால் விளைந்தது. அக்கணக்கைக் கற்ற நாம், கலோரியை யூனிட்டாக மாற்றுவதோடு நின்றுவிடாமல், அந்த யூனிட்டிற்காக எங்கே எவ்வளவு வெப்பம் எரிந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அளவறிந்து செலவிடுவோர்க்கே ஆற்றல் நெடுநாள் துணையாகும்.